கடலோரக் கால்வாயில் படகுப் பயணம்

முன்னுரை

தார்ச்சாலைகளும் இருப்புப் பாதைகளும் ஊர்களை இணைக்காத காலத்தில் மனிதனையும் அவனுடைய பொருள்களையும் சுமந்து சென்றவை ஆறுகளும் கால்வாய்களுமே ஆகும். ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்களில் வாழும் நாம் சென்னைக்குச் செல்ல மின்சார ரயிலில் ஏறுகிறோம். சென்ட்ரலை அடைவதற்கு முன் பேசின் பிரிட்ஜ் என்னும் நிலையம் வருகிறது. 'பேசின்' என்னும் ஆங்கிலச் சொல் படகுகள் தங்கித் திரும்பும் நீர்த்தேக்கத்தைக் குறிக்கும். ரயில் நிலையத்திற்குப் படகுத் துறையின் பெயரா என்று நாம் வியக்கலாம். வியப்பதற்கு ஒன்றுமில்லை! அவ்விடத்தின் வழியே ஓடும் பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் பாய்மரப் படகுகள் சென்றன. விறகும் உப்பும் அரிசியும் அந்த வழியாகவே சென்னைக்கு வந்து சேர்ந்தன.

இன்று அந்தக் கால்வாயை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறோம். ஆனால் காற்றும் மழையும் கடல் ஓதமும் மாறி மாறி வரும் இந்தக் கரையில், சிறு படகுகளுக்கு அடைக்கலம் தந்த நீர்வழி அது. அது எவ்வாறு பிறந்தது, மாறும் வானிலையில் படகுகள் அதில் எவ்வாறு சென்றன, இன்று அதன் நிலை என்ன, நமக்கும் அதற்கும் உள்ள உறவு என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கால்வாய் ஏன் வெட்டப்பட்டது?

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. நேரான மணற்கரை, ஓயாத அலை, மறைவிடம் எதுவும் இல்லை. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து விலகி ஆழ்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சென்று ஆட்களையும் சரக்குகளையும் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் புயல் எழுந்தால் கப்பல்களுக்கே பாதுகாப்பு இல்லை என்றால் சிறு படகுகளின் கதி என்ன? 1875ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பட்ட செயற்கைத் துறைமுகத்தையே 1881ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் புயல் உடைத்தெறிந்தது. அதனை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. இந்தக் கடலின் சீற்றத்தை அறிய இந்த ஒரு சான்றே போதும்.

ஆனால் இயற்கை ஒரு கையால் மறுத்ததை மறு கையால் தந்திருந்தது. கடற்கரை மணல் மேட்டுக்குப் பின்புறம் பழவேற்காடு, எண்ணூர், கோவளம் ஆகிய இடங்களில் அமைதியான உப்பங்கழிகள் இருந்தன. அவற்றை வெட்டி இணைத்துவிட்டால் கடலுக்குள் இறங்காமலே கடலோரமாகப் பயணம் செய்யலாம் அல்லவா? இந்த எண்ணத்தில் பிறந்ததே கால்வாய்.

1806ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் தொலைவுக்கு, அதாவது சுமார் 18 கிலோமீட்டருக்குக் கால்வாய் அமைத்தார். அது தனியார் முயற்சி. ஆகவே காக்ரேன் கால்வாய் என்றே பெயர் பெற்றது. அதில் சென்ற படகுகள் அவருக்குச் சுங்கம் செலுத்தின. பின்னர் கால்வாய் வடக்கே பழவேற்காடு வரை நீண்டது. 1837ஆம் ஆண்டில் அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் மேலும் நீட்டித்தது.

பஞ்சத்தில் வெட்டிய ஐந்து மைல்

சென்னை நகருக்குள் கூவம் ஆற்றுக்கும் அடையாறு ஆற்றுக்கும் இடையே சுமார் 5 மைல் தொலைவு மட்டும் நெடுங்காலம் வெட்டப்படாமல் இருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தாது வருடத்துப் பஞ்சம் என்று முதியோர் சொல்வது அதைத்தான். வயல் காய்ந்து, மாடு மாண்டு, ஊரை விட்டுப் புறப்பட்ட மக்கள் சென்னைக்கு வந்து குவிந்தனர். அவர்களுக்குக் கூலி தருவதற்காக நிவாரணப் பணியாக அந்த 5 மைல் கால்வாயும் 1877, 1878ஆம் ஆண்டுகளில் வெட்டி முடிக்கப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய் முழுமைக்கும் இடப்பட்டது. பெயரோ ஆளுநருடையது, வியர்வையோ பசித்த ஏழைகளுடையது! எலும்பும் தோலுமாய் மண் சுமந்த அந்தப் பெண்களையும் ஆண்களையும் நாம் மறத்தல் ஆகாது.

இவ்வாறு முழுமை பெற்ற கால்வாய், ஆந்திராவில் உள்ள பெத்தகஞ்சாம் என்னும் ஊரிலிருந்து தமிழ்நாட்டின் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளமுடையது. இதில் 257 கிலோமீட்டர் ஆந்திராவிலும் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் உள்ளன. பெத்தகஞ்சாமில் அது கிருஷ்ணா நதியின் பாசனக் கால்வாய்களோடு இணைந்தது. ஆகவே மரக்காணத்தில் ஏறிய ஒரு மூட்டை உப்பு, கடலைத் தொடாமலே விஜயவாடாவுக்கும் அதற்கு அப்பால் காக்கிநாடாவுக்கும் செல்ல வழி இருந்தது.

காற்றும் பாயும்

கால்வாய்ப் படகு மூன்று விதமாக நகர்ந்தது. காற்று பின்னால் இருந்தால் பாய் விரித்தார்கள். காற்று இல்லாவிட்டால் நீண்ட கழியைத் தரையில் ஊன்றித் தள்ளினார்கள். எதிர்க்காற்று வீசினால் படகில் கயிறு கட்டி, கரையில் நடந்தபடி தோளால் இழுத்தார்கள்.

நம் கரையில் காற்று ஆண்டு முழுவதும் ஒரே திசையில் வீசுவதில்லை. ஏறத்தாழப் பங்குனி முதல் ஆவணி வரை தென்திசைக் காற்று மிகுதி. அப்போது வடக்கே செல்லும் படகுக்குப் பாய் உதவும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவக்காற்று. அப்போது தெற்கே செல்லும் படகுக்கே யோகம்; வடக்கே செல்வோர் பாயைச் சுருட்டிவிட்டுக் கயிற்றைத் தோளில் போட வேண்டியதுதான்.

ஒரே நாளிலும் காற்று மாறும். பகலில் நிலம் விரைவில் சூடேறுவதால் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் கடற்காற்று வீசுகிறது. இரவில் நிலம் விரைவில் குளிர்வதால் நிலக்காற்று கடலை நோக்கிச் செல்கிறது. புவியியல் பாடத்தில் மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்யும் இந்த இரண்டு வரிகளைப் பள்ளிக்கூடம் காணாத படகோட்டி தன் பாயின் அசைவிலே படித்தான். பழவேற்காடு ஏரியைப் போன்ற பரந்த நீர்ப்பரப்பில் பிற்பகல் காற்று வலுத்தால், ஆழம் குறைந்த நீராயினும் குறுகிய, முரட்டு அலைகள் எழும். காலையில் கண்ணாடி போல் கிடந்த நீரை நம்பி மாலையில் திரும்புவது அறிவுடைமை ஆகாது.

ஓதமும் கதவும்

கடல் நீர் நாள்தோறும் இருமுறை ஏறி, இருமுறை இறங்குகிறது. இதனை ஓதம் என்கிறோம். ஒரு ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சூரியனும் சந்திரனும் சேர்ந்து ஈர்ப்பதால் ஏற்றம் மிகுதி. சென்னைக் கரையில் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே. ஆயினும் ஆழம் குறைந்த கால்வாய்க்கு ஒரு மீட்டர் என்பது பெரிய அளவு. ஏற்றத்தில் மிதக்கும் படகு இறக்கத்தில் சேற்றில் அமர்ந்துவிடும். முகத்துவாரத்தின் அருகே இறக்க நேரத்தில் நீர் விரைந்து கடலுக்குள் இழுக்கும்.

இந்தக் கால்வாய் கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, பாலாறு ஆகிய ஆறுகளைக் குறுக்கே சந்திக்கிறது. ஆற்று நீர் மட்டமும் கால்வாய் நீர் மட்டமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அதற்காக முன்னும் பின்னும் கதவுள்ள தொட்டி போன்ற அமைப்புகளைக் கட்டினார்கள். 'லாக்' என்பது அதன் பெயர். படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடுவார்கள். சிறு மதகு வழியாக நீரை ஏற்றியோ இறக்கியோ மட்டத்தைச் சமன் செய்வார்கள். பிறகு முன்கதவைத் திறப்பார்கள். 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பனாமாக் கால்வாயில் பெருங்கப்பல்கள் மலையேறுவதும் இதே தத்துவத்தால்தான்.

கோடையிலோ வேறு தொல்லை. ஆற்றில் நீர் வற்றியதும் கடல் அலைகள் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். மழைக்காலத்தில் வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து கால்வாயில் நிரப்பும். எனவே ஒருமுறை வெட்டிவிட்டு ஓய்ந்திருக்கக் கூடியதன்று இந்த நீர்வழி. ஆண்டுதோறும் தூர்வாரினால்தான் அது கால்வாய்; இல்லையேல் வெறும் பள்ளம்.

கவிஞரின் நிலாப் பயணம்

சரக்குகள் மட்டும்தான் சென்றன என்று எண்ண வேண்டாம். மனம் மகிழப் பயணம் போனவர்களும் உண்டு. 1934ஆம் ஆண்டில் புரட்சிக் கவிஞர் பாரதிதாசன் தம் நண்பர்களுடன் நிலா ஒளியில் இக்கால்வாய் வழியாகப் படகில் மாமல்லபுரம் சென்றார். தோழர் ப. ஜீவானந்தமும் அக்குழுவில் இருந்தார். அந்தப் பயணமே 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதையாக மலர்ந்தது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் விரையும் நமக்கு, ஓர் இரவு முழுவதும் நீரில் மெல்ல மிதந்து மாமல்லபுரத்தை அடைவது எத்துணை இன்பமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் ஆசை எழுகிறது!

புயலும் கடற்கோளும்

கடலுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் தொலைவிலேயே ஓடும் கால்வாய் புயலிலிருந்து முற்றும் தப்ப முடியாது. 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்களும் 1976ஆம் ஆண்டுப் புயலும் கரைகளைச் சிதைத்தன. அதற்குள் ரயிலும் லாரியும் சரக்கைத் தம்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. சிதைந்த கரையைச் சீர் செய்ய ஊக்கம் எழவில்லை. படகுகள் ஒவ்வொன்றாய் மறைந்தன.

ஆயினும் கைவிடப்பட்ட அந்தக் கால்வாய் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் தன் நன்றியைக் காட்டியது என்றே சொல்லலாம். அன்று சுனாமி அலை கரையேறி வந்தபோது, சென்னைக்கும் பெத்தகஞ்சாமுக்கும் இடையே பல இடங்களில் கால்வாய் அந்த நீரைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. சில நிமிடங்களில் நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பியது. இதனால் மீனவர் பலர் உயிர் பிழைத்ததாக ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். முன்னோர் வெட்டிய பள்ளம், பல ஆண்டுகளுக்குப் பின் முகம் அறியாத பிள்ளைகளைக் காத்தது!

அயல்நாட்டில் ஒரு சான்று

இத்தகைய நீர்வழி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் அட்லாண்டிக் கரையையும் மெக்சிகோ வளைகுடாக் கரையையும் ஒட்டி ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீளமுள்ள கடலோர நீர்வழி உள்ளது. அங்கும் உப்பங்கழிகளையும் ஆறுகளையும் கால்வாய்களால் இணைத்திருக்கிறார்கள். சரக்குப் படகுகளோடு, சொந்தப் படகு வைத்திருக்கும் குடும்பங்களும் அதில் செல்கின்றன. குளிர்காலம் நெருங்கும்போது தெற்கே புளோரிடாவை நோக்கிப் போவார்கள். வசந்தத்தில் வடக்கே திரும்புவார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயற்காலம் ஆகையால் நாள் பார்த்தே புறப்படுவார்கள். தூர்வாருதலை அந்நாட்டு இராணுவப் பொறியியல் பிரிவு கவனிக்கிறது. பயன்படுத்துவோரும் உண்டு, பராமரிப்போரும் உண்டு. ஆதலால் வழி திறந்திருக்கிறது.

நீரில் செல்வோர் நினைவில் கொள்ள வேண்டியவை

முட்டுக்காட்டில் படகுச் சவாரிக்குச் செல்லும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிடைக்கிறது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழா விடுமுறையில் பழவேற்காட்டில் உலாச் சென்ற படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் உயிர் இழந்தனர். அந்தத் துயரம் நமக்குப் பாடமாக அமைய வேண்டும்.

1. புறப்படுமுன் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைக் கேட்க வேண்டும். துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளுக்குப் பொருள் தெரிந்திருத்தல் நலம். 1, 2 என்பவை தொலைவில் கடலில் உள்ள காற்றழுத்தத்தையும் புயலையும் குறிக்கும். 3, 4 என்பவை துறைமுகத்திற்கே பலத்த காற்று வரலாம் என்பதைக் குறிக்கும். 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பது பொருள்.

2. உயிர்காப்பு அங்கியை அணிந்த பின்னரே படகில் கால் வைக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொள்வதால் பயனில்லை.

3. படகு தாங்கும் அளவுக்கு மேல் ஒருவர்கூட ஏறக் கூடாது. "நம் வீட்டார்தானே, ஒரே படகில் போவோம்" என்னும் அன்பே ஆபத்தாகிவிடும்.

4. ஒரே பக்கமாகச் சாய்வதும், புகைப்படம் எடுப்பதற்காக எழுந்து நிற்பதும் கூடாது.

5. முகத்துவாரத்தின் அருகே படகைச் செலுத்தும்படி வற்புறுத்தக் கூடாது. அங்கே ஓதமும் அலையும் மோதுகின்றன.

6. இடியோசை கேட்டாலோ, வானம் திடீரென்று கறுத்துக் குளிர்ந்த காற்று வீசினாலோ உடனே கரைக்குத் திரும்ப வேண்டும். கட்டணம் வீணாகிறதே என்று கருதக் கூடாது.

கால்வாயின் இன்றைய நிலை

2008ஆம் ஆண்டில் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்கள், கோதாவரி, கிருஷ்ணா நதிகளின் சில பகுதிகளோடு சேர்த்து 4ஆம் எண் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டன. பக்கிங்காம் கால்வாயும் அதில் அடங்கும். ஆனால் சென்னை நகருக்குள் படகு செல்ல வழியில்லை. 1995ஆம் ஆண்டு முதல் பகுதி திறக்கப்பட்ட பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயின் உள்ளேயே நிற்கின்றன. சில நிலையங்கள் கால்வாய்க்கு மேலேயே கட்டப்பட்டுள்ளன. கழிவுநீரும் குப்பையும் கலந்து, ஆழமும் அகலமும் குறைந்துவிட்டன. பறக்கும் ரயிலால் பயன் பெறுவோர் பலர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் மனிதர் செல்ல ஒரு வழி அமைத்தபோது நீர் செல்லும் வழியையும் காத்திருக்கலாமே என்ற கேள்வி எழாமல் இல்லை.

நமக்கும் அதற்கும் என்ன உறவு?

"நாங்கள் கடலிலிருந்து வெகுதொலைவில் மேற்கே இருக்கிறோம், கடலோரக் கால்வாய் எக்கேடு கெட்டால் எங்களுக்கு என்ன?" என்று யாரேனும் கேட்கலாம். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் பருத்திப்பட்டில் நாம் கடக்கும் கூவம், திருவேற்காடு, மதுரவாயல் வழியாகச் சென்னைக்குள் சென்று, பக்கிங்காம் கால்வாயைச் சந்தித்த பிறகே கடலில் கலக்கிறது. வில்லிவாக்கம் பக்கத்து மழைநீரைச் சுமக்கும் ஓட்டேரி நல்லா, பேசின் பிரிட்ஜ் அருகே இதே கால்வாயில் விழுகிறது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்குப் பாய்கிறது. நம் கூரையில் விழும் மழைத்துளி கடலைத் தேடிக் கிழக்கே நடந்துகொண்டே இருக்கிறது.

கிழக்கே கதவு அடைபட்டால் மேற்கே வீட்டுக்குள் நீர் நிற்கும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருமழையில் கூவமும் அடையாறும் கரை புரண்டதை நம் பெற்றோர் மறக்கவில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நீர் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. அங்கே வேலை செய்யும் தந்தையரின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் உண்டு. இயந்திரம் நின்றால் கூலியும் நிற்கும் என்பதை நாங்கள் அறிவோம். அதே புயல் வெள்ளத்தில் மணலிப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவரின் வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியது. கால்வாய் தான் பெற்றதைத் திருப்பித் தருகிறது. நாம் நன்னீர் அனுப்பினால் நன்னீர்; நஞ்சு அனுப்பினால் நஞ்சு.

மாணவிகளாகிய நம்மால் ஆவது என்ன? தூர்வாரும் பொறியும் நிதியும் நம்மிடம் இல்லை. ஆனால் பிளாஸ்டிக் பையைச் சாலையோர மழைநீர் வடிகாலில் போடாதிருக்க நம்மால் முடியும். நம் தெருவின் வடிகால் எந்த ஏரிக்கும் எந்த ஆற்றுக்கும் செல்கிறது என்பதைக் கண்டறிந்து வரைபடமாக வரைந்து வகுப்பில் மாட்ட முடியும். ஏரிக்கரையில் குப்பை கொட்டப்படுவதைக் கண்டால் பெற்றோர் மூலம் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ தெரிவிக்க முடியும். சிறு செயல்கள்தாம், ஆனால் கால்வாயை அடைத்தவையும் சிறு செயல்கள்தாமே!

முடிவுரை

காற்றின் திசையை மாற்ற நம்மால் இயலாது. ஓதத்தை நிறுத்தவும் புயலைத் தடுக்கவும் இயலாது. அவற்றை அறிந்து, அவற்றோடு இணங்கி நடக்க வழி அமைப்பதே அறிவு. பாயை விரிக்கவும் சுருட்டவும் தெரிந்த படகோட்டிகள் அவ்வாறு வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் கால்வாய் அடைக்கலம் தந்தது. ஆனால் கால்வாய்க்கு அடைக்கலம் தர வேண்டியவர்கள் மனிதர்கள். அதனைக் காத்த வரையில் அது வழியாக இருந்தது. கைவிட்டதும் வெள்ளத்தின் தடையாக மாறியது. என்றேனும் ஒரு நாள் அதன் நீர் மீண்டும் தெளிந்து, ஒரு சிறு படகேனும் அதில் சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்குப் புறப்பட வேண்டும். அந்த நாள் வர நாமும் நம் பங்கைச் செய்வோமாக!